சலோமி திரும்பப் பெற்ற தேற்றம்

கைபேசித் திரையில் சலோமி என்ற பெயர் வந்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு வரும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, தோளில் விடைத்தாள் பை. அன்று காலைத் தேர்வுக்கூடக் கண்காணிப்பு அவளுடையது. அதை என் தலையில் கட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, எடுத்ததுமே கத்தினேன். "சலோமி, இந்தத் தடவை முடியவே முடியாது. உன் டியூட்டியை நீயே பாரு." மறுமுனையில் ஓர் ஆண்குரல் வந்தது. "மேடம், நான் தானியேலு. அக்கா பூட்ச்சு மேடம்." விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது என்றார் அவள் தம்பி. அவளுடைய பெயரைப் பார்த்து நான் பேசிய கடைசிப் பேச்சு அந்தக் கத்தல்தான்.

கல்லூரி மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவள் சலோமி மேடம். கரும்பலகையின் இடது மூலையில் தொடங்கி வலது மூலையில் முடிக்கும், நடுவில் டஸ்டரைத் தேடும் சலோமி மேடம். எனக்கு அவள் ஒரே நாளில் கல்லூரியில் சேர்ந்து, ஒரே மேசையை இரண்டாகப் பிரித்துக்கொண்ட கூட்டாளி. "அவர்" என்று எழுதினால் "இன்னா உமா, யார சொல்ற?" என்று கேட்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கருங்குழிக்காரி. அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நட்டு, பிறர் நிலத்தில் அறுத்தவர்கள். தானியேல் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். சலோமி திருமணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். நான் தெற்கிலிருந்து வந்தவள். கணவருக்குக் கடலோர ஆராய்ச்சி மையத்தில் வேலை. குடியிருப்பும் அங்கேயே.

அடக்கம் முடிந்த மறுநாள் தானியேல் கல்லூரிக்கு வந்தார். "ஞாயித்துக்கெழம நம்ம சர்ச்சுல கூட்டம் வச்சிகீறோம் மேடம். அக்கா ஒரு கணக்கு போட்டுச்சே, பேனர்லாம் வச்சமே, அத்த பத்தி நீங்கதான் பேசணும். உள்ளத சொல்லுங்க. வேற யாருக்கு தெரியும்?" சரி என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு, ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். காரணம், அந்தக் கணக்கு தவறு. தவறு என்று கண்டுபிடித்ததும் சலோமிதான். அச்சில் வந்த கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். ஆனால் கருங்குழிப் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில், "உலகம் வியந்த வெப்பத் தேற்றத்தை நிறுவிய கணித மேதை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஊரில், அந்தக் குடும்பத்தின் முன்னால், செத்துப்போன ஒருத்தியின் கணக்கு தவறு என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தவறு என்று அவள் கைவிட்ட ஒன்றை அவள் பெயரில் மறுபடி ஒட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி ஆவேன்.

கணக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். ஒரு பொருளின்மேல் ஓர் இடத்தில் சூடு வைத்தால் அது பரவுகிறது. எப்படிப் பரவுகிறது? "சூடுன்னா இன்னா உமா? வழி தெரியாத ஒரு கும்பல். ஒவ்வொருத்தனும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம ஒரு எட்டு வைக்கிறான். மொத்தமா தூரத்துலேர்ந்து பாத்தா அதான் சூடு பரவறது." குறியில்லாமல் அலைகிற புள்ளியும் வெப்பமும் ஒரே சமன்பாட்டில் அடங்கும் என்பதை இதைவிட எளிதாக நான் எங்கும் கேட்டதில்லை. வகுப்பில் நானும் இதைத்தான் சொல்கிறேன், என் சொந்தச் சரக்கு மாதிரி.

ஒருநாள் என்னைப் பார்க்கக் குடியிருப்புக்கு வந்தவள், நடக்கலாம் வா என்று சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கையில் ஒரு நாணயம். இரண்டு முறை சுண்டி, விழுந்ததைப் பார்த்து வடக்கா தெற்கா, கடலா கரையா என்று முடிவு செய்து சில எட்டு வைப்பது. மறுபடி சுண்டுவது. எங்கே போய்ச் சேர்கிறோம் என்று பார்க்கலாம் என்றாள். புடவையோடு தண்ணீருக்குள் போய், திரும்பி, மணலில் தலைகுனிந்து நாணயம் தேடி, மறுபடி போய்க்கொண்டிருந்தோம். வலை ஓரமாக மீன் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்தார். "இன்னாமே தொலைச்சீங்க?" "ஒண்ணியும் தொலைக்கலக்கா. கணக்கு போட்டுகினு கீறோம்" என்றாள் சலோமி. அந்த அம்மா நம்பவில்லை. "சொம்மா சொல்லு. கம்மலா? தங்கமா, கவரிங்கா?" என்று கேட்டுவிட்டு, இன்னும் இருவரைக் கூப்பிட்டார். மூவரும் சேலையைச் செருகிக்கொண்டு எங்களோடு மணலைத் துழாவத் தொடங்கினார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆமாம், கம்மல்தான் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். "கீறது வேற, சொல்றது வேறயா?" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அவர்களுக்கு விளக்கினாள். கடைசியில் அந்த அம்மா நாணயத்தை வாங்கித் தானே சுண்டிப் பார்த்து, "போற எடத்துக்கு போறதுக்கு உங்களுக்கு காலேஜு வேற" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அது சமதளத்துக் கதை. சமதளத்தில் அப்படி அலைகிறவன் என்றைக்காவது புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் திரும்பி வந்துவிடுவான். சலோமிக்கு ஆர்வம் வளைந்த பரப்புகளில். மாமல்லபுரத்துப் பெரிய உருண்டைப் பாறையில் ஓர் இடத்தில் சூடு வைத்தால், பரப்பில் பரவிப் பரவிச் சுற்றி வந்து சமமாக நிற்கும், அதற்குப் போக வேறு இடமில்லை. எதிர்மாதிரி வளைவும் உண்டு. கேன்டீனில் அப்பளத்தைத் தூக்கிக் காட்டுவாள். எண்ணெயில் போட்டதும் ஓரம் நெளிகிறதே, அந்த வளைவு. நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக இடம் கூடிக்கொண்டே போகும். அலைகிறவனுக்கு வெளியே போகப் பத்து வழி, திரும்பி வர ஒரு வழி. அவன் திரும்ப மாட்டான். அந்த நெளிவு எவ்வளவு வேகமாகக் கூடினால் சூடு எப்படிப் பரவும் என்பதுதான் அவள் கேள்வி. சாப்பிட எடுத்த அப்பளம் கையிலேயே நமுத்துப் போகும்வரை பேசுவாள்.

பல ஆண்டு உழைத்து ஒரு தேற்றம் எழுதினாள். அதுவரை மற்றவர்கள் வைத்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தி, இன்னும் மூர்க்கமாக நெளியும் பரப்புகளிலும் சூடு பரவும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்று காட்டுவது அது. என்னிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தாள். நான் பொறுமையாகப் படித்தேன், சந்தேகம் கேட்டேன், இரண்டு இடத்தில் குறியீட்டைத் திருத்தினேன், சரியாக இருக்கிறது என்றேன். வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டது. பிறகு நம் ஊரில் என்ன நடக்குமோ அது நடந்தது. கல்லூரியில் பொன்னாடை. சர்ச்சில் பொன்னாடை. தானியேலின் வேன் நண்பர்கள் சேர்ந்து, கோட் போட்டதுபோல் படத்தை மாற்றி, கருங்குழி நிறுத்தத்தில் ஆளுயர பேனர் வைத்தார்கள். கோட்டைப் பார்த்துவிட்டு, "கழுத்து மட்டும்தான் என்னுது" என்றாள். ஆனாலும் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்த வாரம் பேருந்துக்கு அந்த நிறுத்தத்திலேயே நின்றாள். வழக்கமாக அடுத்த நிறுத்தத்தில்தான் ஏறுவாள்.

நகரத்துக் கல்லூரி ஒன்று அந்தத் தேற்றத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டது. இருவரும் செங்கல்பட்டில் மின்ரயில் ஏறினோம். வண்டி பரனூர் தாண்டியதும், பேசுவதை ஒத்திகை பார்க்கிறேன், கேள் என்று ஆரம்பித்தாள். சிங்கப்பெருமாள் கோயில் வரை தடையில்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு வரியில் நின்றாள். "மொத்தச் சூடு ஒண்ணு" என்று சொன்னவள், அதையே மறுபடி மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "உமா, இந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்காக: நாங்கள் இருவரும் ஆண்டுதோறும் நிகழ்தகவுப் பாடம் நடத்துகிறவர்கள். எல்லா வாய்ப்புகளின் நிகழ்தகவையும் கூட்டினால் ஒன்று வரும் என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறவர்கள். கை தானாக எழுதும், கண் தானாகத் தாண்டும். ஆனால் பரப்பு மிக மூர்க்கமாக நெளிந்தால், அலைகிற புள்ளி குறிப்பிட்ட நேரத்துக்குள்ளேயே முடிவிலிக்குப் போய்விடலாம். பரப்பில் ஓட்டை இல்லை, விளிம்பு இல்லை, இருந்தும் சூடு குறையும். மொத்தம் ஒன்றாக இருக்காது. சலோமி தளர்த்தியது சரியாக அந்தக் கட்டுப்பாட்டைத்தான். இது எங்கள் துறையில் பழைய சங்கதி. எங்களுக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் அவள் எழுதினாள், தெரிந்தும் நான் படித்துச் சரி என்றேன், இதழில் படித்தவர்களும் தாண்டிவிட்டார்கள்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நான், கெட்டிக்காரத்தனமாக, காட்டாங்கொளத்தூரில் இறங்கிவிடலாம் என்றேன். உனக்குக் காய்ச்சல் என்று நான் போனில் சொல்லிவிடுகிறேன். ஓட்டையை அடைக்க வழி இருக்கும். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். அவள் இறங்கவில்லை. மேடை ஏறியதும், "நான் பேச வந்த விஷயம் தப்பு. வர வழியில ரயில்லதான் பாத்தேன். எந்த எடத்துல தப்புன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றாள். அந்த வரியைப் பலகையில் எழுதி, அதிலிருந்த 1-ஐச் சுற்றி வட்டம் போட்டாள். முன்வரிசையில் ஒருவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். யாரோ சிரித்தார்கள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். படித்துச் சரி என்று சொன்ன ஆள் பின்னால் இருக்கிறாள் என்று அவள் கை காட்டவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை.

திரும்பும் ரயிலில் வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள். "மூஞ்ச ஏன் தொங்கப் போட்டுகினு வர? தப்பு எங்க கீதுன்னு தெரிஞ்சிச்சில்ல. அது கொஞ்சம் தேவல." இவளுக்கு வெட்கமே கிடையாதோ என்று அப்போது நினைத்தேன். அப்படி இல்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஆசிரியர் அறைக்கு வராமல் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். யாராவது கட்டுரையைப் பற்றிக் கேட்டால் கழுத்து வரை சிவந்துபோகும். சிவந்துகொண்டே, தப்பு என்று சொல்வாள். இதழுக்கும் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள்.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கருங்குழி சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றாள். துணைக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தாள். "எனக்கு பொன்னாடை போட்டீங்க. அந்தக் கணக்கு தப்பா பூட்ச்சு. நானேதான் பாத்தேன். பேனர எறக்கிடுங்க" என்றாள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வயதான அம்மா, "தப்புன்னா மார்க்க கொறச்சிட்டாங்களா கண்ணு?" என்று பரிதாபமாகக் கேட்டார். "நானே கொறச்சிக்கினேன்" என்றாள் சலோமி. எல்லாரும் சிரித்தார்கள். தானியேல் மட்டும் எழுந்து, நாற்காலியை நகர்த்திவிட்டு, வெளியே போய்விட்டார். வாசலில் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொரிந்தார். "ஊரே மெச்சிகினு கீது. நீயே எழுந்து நின்னு உன் மானத்த வாங்கிக்கிற. ஸ்டாண்டுல எவன் மூஞ்சில நான் முழிக்கறது?" அவள், "நான் செய்யாத ஒண்ணுக்கு மெச்சறாங்கடா. அது எனக்கு எப்படி சேரும்?" என்றாள். பேனரை யாரும் இறக்கவில்லை. அது வெயிலில் வெளுத்துத் தானாகக் கிழிந்தது.

அவள் உண்மையில் செய்த வேலை அதற்கு அப்புறம்தான் நடந்தது. தன் தேற்றம் எங்கே உடைகிறதோ அங்கேயே உட்கார்ந்து, சூடு எப்படிக் குறைகிறது என்று கண்முன் காட்டும் ஒரு பரப்பைக் கட்டி எழுதினாள். அவள் சொன்ன வரம்பு அந்தப் பரப்பில் சுத்தமாகப் பொய்த்துப்போகும். சின்னக் குறிப்பு. படித்தவர்கள் குறைவு. படித்த சிலர், வேறு நாட்டு ஆட்கள், தங்கள் மாணவர்களுக்கு அந்த உதாரணத்தைத்தான் போட்டுக் காட்டுகிறோம் என்று எழுதினார்கள். அதற்குப் பொன்னாடை இல்லை, பேனர் இல்லை. நான் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இனிப்பு அதிகம் என்று பாதியைத் தானியேலின் பிள்ளைகளுக்கு எடுத்துப்போனாள்.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்ட மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். வாக்கியங்களைக்கூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய பிரமுகர், உலகமே தீர்க்க முடியாத கணக்கைத் தீர்த்த நம் மண்ணின் மகள் என்றார். கைத்தட்டல். என் முறை வந்தது. முதல் வரிசையில் தானியேல், மடியில் சின்ன மகள். எதிரே மாலை போட்ட படம். தவறு என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றது. இந்தச் சனங்கள் முன்னால், இந்த நாளில், இதைச் சொல்ல நான் யார் என்று எனக்கே ஒரு நியாயம் தோன்றிவிட்டது. கோழைகளுக்கு நியாயம் சீக்கிரம் தோன்றும். நல்ல தோழி என்றேன். நேரம் தவறாதவர் என்றேன். கணித உலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றேன். சலோமி கேட்டிருந்தால், அதை எப்படி நிறுவுவாய் என்று கேட்டிருப்பாள். எனக்கும் கைத்தட்டினார்கள்.

சாப்பாடு முடிந்து தானியேல் என்னை வேனில் செங்கல்பட்டு வரை கொண்டுவந்து விட்டார். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டார்.

"மேடம், அந்தக் கணக்கு தப்புதானே?"

ஆமாம் என்றேன்.

"தெரியும். அன்னிக்கு சர்ச்சுல அக்கா சொன்னப்ப நான் எழுந்து பூட்டேன். அப்பால ஒரு நாளும் அதுகிட்ட அத்த பத்தி பேசல. அதுவும் கேக்கல. இன்னிக்கு நீங்க மைக்குல அத்த சொல்லுவீங்க, இந்த தபா நான் உக்காந்து முழுசா கேக்கணும்னுதான் உங்கள கூப்ட்டேன்."

"அப்புறம் ஏன் பேனர்ல அப்படி..."

"அது பசங்க பழைய டிசைன எடுத்துப் போட்டது மேடம். எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியல. நீங்க சொன்னா, அக்கா எவ்ளோ பெரிய ஆளுன்னு அவனுங்களுக்கு புரிஞ்சிருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "பாத்து போங்க மேடம்" என்று இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். சலோமியின் தேற்றம் தவறு. அது தவறு என்று அவளேதான் கண்டுபிடித்தாள், அவளேதான் சொன்னாள், மேடையிலும் சொன்னாள், சொந்த ஊரிலும் சொன்னாள். அவள் மாணவர்கள் நீங்கள். யாராவது பேனரில் இருந்ததைச் சொன்னால் திருத்திச் சொல்லுங்கள். அவள் கட்டிய அந்தப் பரப்பைப் பற்றிச் சொல்லுங்கள். தானியேலின் வீட்டுக்குப் போகிறவர்கள், அவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர் இந்த முறை கேட்பார்.

நான் போகவில்லை. போக வேண்டும். அவளிடமிருந்து எனக்கு என்று நான் வைத்திருப்பது, "தப்பு" என்று சொல்லும்போது அவள் குரல் இருக்கும் விதம். ரயில் தாமதம் என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாக, முகம் சிவந்திருந்தும் சாதாரணமாக. அது என் காதில் அப்படியே இருக்கிறது. எழுத்தில் சொல்லிவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.